ரிவர்ஸ் பழக எது நல்லது: 20 அடி டிரெய்லரா, 40 அடியா?

கன்டெய்னர் வண்டிக்கு வரும் புது டிரைவர் தடுமாறுவது ரிவர்ஸில்தான். சென்னையில் மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளில் கொஞ்ச நேரம் நின்றாலே தெரியும். “முதல்ல 20 அடியில பழகு, அப்புறம் 40 அடிக்குப் போ” என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. இடம் இருந்தால் 40 அடியிலேயே தொடங்கலாம்.

20 அடிக்கு உள்ள வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. குறுகிய இடம் போதும், முன்னால் எடுக்கும்போது வளைவில் பின்சக்கரம் அதிகம் உள்ளே ஏறாது, பார்க்கவும் பயமில்லை. இவையெல்லாம் முன்னால் ஓட்டுவதற்கான வசதிகள் என்பதைக் கவனியுங்கள்.

ரிவர்ஸில் முடிவு செய்வது ஒரே ஒரு அளவு: கிங் பின்னிலிருந்து (டிரெய்லரை முன் வண்டியோடு கோக்கும் முளை) டிரெய்லர் அச்சுகளின் நடுப்பகுதி வரை உள்ள தூரம். 20 அடி வண்டியில் இது சுமார் நாலரை மீட்டர், 40 அடியில் சுமார் 8 மீட்டர். கட்டிய பட்டறையைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கும். நாடா பிடித்து அளந்துகொள்வது நல்லது. ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பின்னால் போனாலும், ஹார்ஸுக்கும் (இழுக்கும் முன் வண்டி) டிரெய்லருக்கும் இடையில் ஏற்கெனவே விழுந்த கோணம் தானாக வளரும். அது எவ்வளவு வேகமாக வளரும் என்பதை இந்தத் தூரம்தான் தீர்மானிக்கிறது. சிறிய கோணம் இரட்டிப்பாக, 20 அடி வண்டி 3 மீட்டர் பின்னால் வந்தால் போதும். 40 அடிக்கு ஐந்தரை மீட்டர் வேண்டும். மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் முன்னதற்கு நாலு நொடிகூட இல்லை, பின்னதற்கு ஆறரை நொடிக்கு மேல். கண்ணாடியைப் பார்த்து, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று யோசித்து, கையை அசைக்கப் புதியவருக்கு மூன்று நொடியாவது பிடிக்கும். 20 அடியில் அவர் ஒடிப்பதற்குள் கோணம் முற்றிவிடும். பதறிக் கூடுதலாக ஒடிப்பார், டிரெய்லரின் வால் மறுபக்கம் பாயும், வண்டி பாம்பாக நெளியும்.

கண்ணாடியும் நீளத்தின் பக்கம்தான். 5 டிகிரி கோணம் விழுந்தால் 20 அடியின் வால் அரை மீட்டர் விலகும், 40 அடியின் வால் ஒரு மீட்டர் விலகும். தவறு சிறிதாக இருக்கும்போதே கண்ணில் படுகிறது.

இன்னொன்று, மடங்குவது. ஹார்ஸின் சக்கர இடைவெளி 3.6 மீட்டர், முன்சக்கரம் 35 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொண்டால், கோணம் 60 டிகிரியைத் தாண்டிய 20 அடி வண்டியை ரிவர்ஸிலேயே நிமிர்த்த முடியாது. முழுக்க ஒடித்தாலும் மடங்கிக்கொண்டேதான் போகும். விட்டால் ஏர் ஹோஸ் (பிரேக்குக்கான காற்றுக் குழாய்) இழுபட்டு அறும், கேபினின் பின்மூலை டிரெய்லரில் இடிக்கும். அப்போது முன்னால் எடுத்து நேராக்குவது ஒன்றே வழி. 40 அடியில் அதே கோணத்தில் முழுக்க ஒடித்தால் மெல்ல மெல்ல நிமிரும்.

40 அடியில் பழகும் முறை: காலி சேஸியோடு (கன்டெய்னர் ஏற்றாத டிரெய்லர்), 50 மீட்டர் நேர்ப்பாதை. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, வால் போக வேண்டிய பக்கம் கையைத் தள்ளவும். கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். வால் அசையத் தொடங்கியதுமே எதிர்ப்பக்கம் ஒடித்து டிரெய்லர் போகும் வழியிலேயே ஹார்ஸும் தொடர்ந்து போகும்படி கொண்டுவர வேண்டும். வால் போய்ச் சேரும்வரை காத்திருந்தால் தாமதம். நேர்ப்பாதை கைவந்த பிறகு வலப்பக்கம் திருப்பி டாக்கில் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடை) விடுவது. நம் வண்டிகளில் டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால், வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் முழுப் பக்கமும் கண்ணாடியில் கிடைக்கும். இடப்பக்கம் திருப்பினால் வால் மறைந்துவிடும். கிளீனர் இறங்கி நிற்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

40 அடியில் செலவு டயரில் வரும். மூன்று அச்சு வண்டியைக் கூர்மையாகத் திருப்பினால் முதல் அச்சும் கடைசி அச்சும் பக்கவாட்டில் தேயும். சிமென்ட் தரையில் ரப்பர் கோடு விழுவதைப் பார்க்கலாம். முதலாளி முகம் சுளிப்பது நியாயம்தான். அதனால் 90 டிகிரித் திருப்பங்களைக் காலி சேஸியில் மட்டும், அதுவும் மண் தரை கிடைத்தால் அங்கே. ஹார்ஸின் மூக்கு வெளியே வீசும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்.

பின் அச்சே திரும்பும் லோ பெட் (தாழ்வான தளம் கொண்ட) வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நிறுவனத்தில் இருப்பது 20 அடி மட்டும்தான் என்றாலும், இருப்பதில்தான் பழக வேண்டும். அப்போது வேகத்தைப் பாதியாக்கவும். 40 அடியில் பழகியவர் பின்னால் 20 அடிக்கு மாறினால், ஒடிப்பதையும் பாதியாகக் குறைத்து, வால் கண்ணாடியில் தெரிந்த நொடியே திருத்தத் தொடங்க வேண்டும். 40 டிகிரிக்கு மேல் போகிறது என்று பட்டால் அங்கேயே நிறுத்தி, முன்னால் எடுத்து மறுபடி போடுங்கள்.