வரியில்லாக் கணக்கில் அயல்நாட்டுப் பங்கு வாங்கியவனின் எச்சரிக்கை

வெளிநாட்டில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியிருக்கும், அல்லது விரைவில் திரும்பவிருக்கும் திருநெல்வேலி வட்டாரத்து நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். 2010 முதல் 2021 மே வரை இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். தாயாரின் உடல்நிலை காரணமாகப் பாளையங்கோட்டைக்கே திரும்பிவிட்டேன். அங்கிருந்தபோது ஐசா எனப்படும் தனிநபர் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதன் வழியே அமெரிக்க நிறுவனப் பங்குகளை வாங்கினேன். அந்தக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை போடலாம். அதில் வரும் ஈவுத்தொகைக்கும் இலாபத்துக்கும் பிரிட்டன் அரசு வரி கேட்பதில்லை. இதுவரை எல்லாம் உண்மை. நான் ஏமாந்தது இதற்கு அப்பால்.

முதலில் பங்குத் தரகு நிறுவனம். "தரகுக் கட்டணம் கிடையாது" என்பதே அவர்களுடைய விளம்பரம். ஆனால் அவர்களிடம் இருந்த என் ஐசா கணக்கு பவுண்டை மட்டுமே வைத்திருக்கும். அமெரிக்கப் பங்குக்கோ டாலர் வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 1.5 சதவீதம் நாணய மாற்றுக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை 6,000 பவுண்டு மதிப்புள்ள ஒரு பங்கை விற்று, அதே நாளில் வேறொரு அமெரிக்கப் பங்கை வாங்கினேன். டாலர் பவுண்டாகி மீண்டும் டாலரானதில், தரகே இல்லாத அந்த நிறுவனத்துக்கு 178 பவுண்டுக்கு மேல் போயிற்று. சிறிய ஈவுத்தொகைகளிலும் இதே பிடித்தம் நடந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்கள் ஆச்சி சொல்வது நினைவுக்கு வந்தது. இந்த விவரம் அவர்களுடைய கட்டண அட்டவணையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நான் அதைப் படிக்கவில்லை. அவர்களும் படிக்கச் சொல்லவில்லை.

அடுத்தது அமெரிக்க வரி. பிரிட்டன் கொடுக்கும் விலக்கு பிரிட்டன் வரிக்கு மட்டுமே பொருந்தும். அமெரிக்க நிறுவனம் தரும் ஈவுத்தொகையில் அமெரிக்கா தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. நான் அமெரிக்கக் குடியிருப்பாளன் அல்ல என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைக் கொடுத்திருந்தால் பிரிட்டனில் குடியிருப்பவருக்கு 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30 சதவீதம். கணக்கு தொடங்கும்போது அந்தப் படிவத்தை என்னிடம் அவர்கள் கேட்கவே இல்லை. இரண்டு ஆண்டுகள் 100 டாலருக்கு 30 டாலர் போய்க்கொண்டிருந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். முறையிட்டபோது, இனிமேல் சரிசெய்கிறோம், போனதைத் திருப்ப வழியில்லை என்று பதில் வந்தது.

இவை எல்லாம் சில நூறு பவுண்டுகளோடு முடிந்த இழப்புகள். பெரிய அடி ஊரில்தான் விழுந்தது.

திரும்பி வந்தவுடன் வண்ணார்பேட்டையில் இருந்த ஒரு வரி ஆலோசகரிடம் எல்லாக் காகிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஐசா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, "அங்கயே வரி கெடையாதுன்னா இங்க எதுக்கு அண்ணாச்சி காட்டணும்?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் இருந்த உறுதியில் நானும் தலையாட்டிவிட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஐடிஆர்-1 என்ற எளிய வருமான வரிப் படிவத்தையே தாக்கல் செய்தார். வெளிநாட்டுச் சொத்து உள்ளவர் அந்தப் படிவத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2024 நவம்பரில் வருமான வரித்துறை, வெளிநாட்டுக் கணக்குகளைக் காட்டாதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியபோது எனக்கும் ஒன்று வந்தது. அது ஐசாவைப் பற்றியதன்று. இங்கிலாந்தில் நான் மூடாமல் விட்டிருந்த சாதாரண வங்கிச் சேமிப்புக் கணக்கின் விவரம், நாடுகளுக்கிடையிலான தகவல் பரிமாற்றத்தின் வழியே துறைக்கு எட்டியிருந்தது. பதறிப்போய்ப் பெருமாள்புரத்தில் ஒரு பட்டயக் கணக்காளரிடம் ஓடினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னதுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது.

நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புபவருக்குச் சில ஆண்டுகள் வரிச் சட்டத்தில் 'வழக்கமாகக் குடியிராதவர்' என்ற இடைநிலைத் தகுதி கிடைக்கிறது. எனக்கு அது 2021-22, 2022-23 ஆகிய இரண்டு நிதியாண்டுகள். அந்தக் காலத்தில் பங்குகளை விற்று, பணத்தையும் வெளிநாட்டிலேயே பெற்றிருந்தால், இங்கே அந்த இலாபத்துக்கு வரி இல்லை. விற்ற கையோடு மீண்டும் வாங்கி, வாங்கிய விலையை அன்றைய விலையாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம்; அதற்கு மேல் வளர்வதற்கு மட்டுமே பின்னர் வரி வந்திருக்கும். நான் விற்கவில்லை, விற்கலாம் என்று சொல்ல ஆளும் இல்லை. இனி எப்போது விற்றாலும், இங்கிலாந்தில் இருந்தபோது வளர்ந்த மதிப்புக்கும் சேர்த்து, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்ற வகையில் 12.5 சதவீதம் இந்தியாவுக்குக் கட்ட வேண்டும். ஐசா என்ற சொல்லுக்கு இங்கே எந்தப் பொருளும் இல்லை.

சொத்தைக் காட்டாமல் விட்டதற்கு 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் தண்டம் இருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மேற்படாவிட்டால் அந்தத் தண்டம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தியிருக்கிறார்கள்; காட்ட வேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. டிசம்பர் 31க்குள் ஐடிஆர்-2இல் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்து, அயல்நாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பி, அமெரிக்காவில் பிடித்த வரிக்கு ஈடு கோரும் படிவம் 67ஐயும் கொடுத்தோம். பழைய தரகு நிறுவனத்திடம் முகவரி மாற்றத்தைச் சொல்லி, டபிள்யூ-8பென்னையும் புதிதாகக் கொடுத்தேன். இந்தியாவில் குடியிருப்பவருக்கு அந்தப் பிடித்தம் 25 சதவீதம்.

வண்ணார்பேட்டை ஆலோசகரிடம் நடந்ததைச் சொல்லக் கடந்த மாதம் போயிருந்தேன். அவர் இல்லை. வாசல் பலகையில், பழைய எழுத்துகளுக்குக் கீழே, "வெளிநாட்டு வருமானத்துக்கும் ஆலோசனை வழங்கப்படும்" என்று புதிதாக எழுதியிருந்தார்கள்.