லெப்டோமைசினா, ஹெட்டரோகேரியானா? ஐசிபி27 வைத்துப் பார்த்ததில்

கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. புராஜெக்ட். ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் 1 வைரஸின் ஐசிபி27 புரதம் உட்கருவுக்கும் அதைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசத்துக்கும் போய்வருவதைக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: வெளியேறும் பாதையை அடைக்கும் லெப்டோமைசின் மருந்து, அல்லது இரண்டு இனச் செல்களை இணைத்துச் செய்யும் ஹெட்டரோகேரியான். வைரஸைத் தொடவில்லை, ஹீலா என்ற மனிதச் செல்லுக்குள் அந்தப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) மட்டும்தான்.

லெப்டோமைசின் பி சுலபம். மருந்தை ஊற்றிச் சில மணி நேரம் பொறுத்தால் போதும். விலைதான் கடிக்கும். முதலில் அதைத்தான் எடுத்தேன். எங்கள் கல்லூரியில் ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப் இல்லாததால் ஸ்லைடுகளை டப்பாவில் போட்டுப் பெங்களூரு பஸ் ஏறினேன். மருந்து ஊற்றியதிலும் ஊற்றாததிலும் உட்கரு மட்டுமே பளிச்சென்று இருந்தது.

"மேடம், இது வெளியே போகவே இல்லை" என்றேன் என் வழிகாட்டியிடம்.

"டோல்கேட்ல வண்டி வரலைன்னா ஊரைவிட்டு யாரும் போகலைன்னு எழுதுவியாம்மா?" என்றார்.

சிக்கல் அங்கேதான். லெப்டோமைசின், உட்கருவிலிருந்து புரதங்களை வெளியே கொண்டுபோகும் சிஆர்எம்1 என்ற ஒரு வழியை மட்டுமே அடைக்கும். எச்ஐவியின் ரெவ் புரதம் அதில் போவதால் அங்கே மருந்தின் வேலை அழகாகத் தெரியும். ஐசிபி27 புரதமோ வைரஸின் எம்ஆர்என்ஏவோடு சேர்ந்து, என்எக்ஸ்எஃப்1 என்ற வேறொரு வழியாக நழுவிவிடும். போன வேகத்தில் திரும்பியும் விடுவதால், எப்போது பார்த்தாலும் உட்கருவில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். ஹெர்பெஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோவைரஸின் யூஎல்69 புரதத்துக்கும் சிஆர்எம்1 தேவையில்லை. ஆக, மருந்து சொல்லும் 'இல்லை'க்கு இங்கே மதிப்பே இல்லை.

அதனால் ஹெட்டரோகேரியானுக்கு மாறினேன். ஹீலா செல்கள் மேல் எலிச் செல்களைப் பரப்பி, பாலிஎத்திலீன் கிளைக்காலை இரண்டு நிமிடம் விட்டுக் கழுவினால் சில செல்கள் ஒன்றோடொன்று இணையும். அதற்கு முன்பே சைக்ளோஹெக்ஸிமைடு போட்டுப் புதுப் புரதம் உருவாவதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக உருவானது நேராக எலி உட்கருவுக்குள் போய் நம்மை ஏமாற்றும். டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும் ஹோக்ஸ்ட் சாயத்தில் எலி உட்கரு புள்ளி புள்ளியாக மின்னும், மனித உட்கரு வழவழவென்று இருக்கும். அந்தப் புள்ளிக்காரனுக்குள் ஐசிபி27 தெரிந்தால், மனித உட்கருவை விட்டு வெளியே வந்துதான் அங்கே போயிருக்க முடியும், எந்த வழியானாலும் சரி. வெளியே போகாத எச்என்ஆர்என்பி சி புரதத்தையும் கூடவே சாயமேற்றிப் பார்த்தேன். அது மனித உட்கருவிலேயே நின்றது.

தொல்லை உண்டு. கழுவும்போது கை கொஞ்சம் அழுத்தினால் செல்லெல்லாம் போய்விடும். இரண்டு ஸ்லைடுகளை அப்படித்தான் காலி செய்தேன். இணைந்த செல்லைத் தேடியே கண் வலிக்கும்.

உயிருள்ள செல்லில் ஜிஎஃப்பி என்ற ஒளிரும் புரதத்தை ஒட்டிப் படமெடுக்கும் வழியை நான் செய்ததில்லை. அந்தச் செல்லைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாதே. எந்த வழியாகப் போகிறது என்பதே கேள்வி என்றால் லெப்டோமைசினை இரண்டாவதாக வையுங்கள், இணைந்த செல்களின் மேலேயே.