நடுகல் எழுதுகிறவனுக்கு சப்ஸ்டாக் சரிப்பட்டு வருமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிற கற்களில் பல, பழைய நடுகற்கள். மாடு மீட்கப் போய் மாண்டவன், புலியோடு மோதி மாண்டவன் என்று ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு ஆள் உண்டு. சம்பளத்துக்கு மாங்கூழ் ஆலையில் கணக்கு பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இந்தக் கற்களைத் தேடிப் போய் எழுதுவதில்தான் போகிறது. இந்த மாதிரி எழுத்துக்குக் கூட்டம் திரளாது. ஆனால் தேடி வருகிறவர் மெய்யாகவே வேண்டும் என்று வருகிறவர். அவர் கைக்கு அடுத்த கட்டுரை தவறாமல் போய்ச் சேர வேண்டும். எனக்குத் தேவை அவ்வளவுதான்.

எழுதுவதை வாசகரின் மின்னஞ்சலுக்கே அனுப்பித் தருகிற சேவை சப்ஸ்டாக். அந்த வேலைக்கு அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசகரைச் சேர்க்க அருமையான இடம். காசு சேர்க்க, இந்தியாவில் இருந்து எழுதுகிறவர்களுக்கு இப்போதைக்கு வழி இல்லாத மாதிரிதான்.

முன்பு ஒரு சமூக வலைத்தளத்தில் பக்கம் வைத்திருந்தேன். பின்தொடர்பவர்கள் நிறையப் பேர். ஒரு நாள் காலையில் பக்கம் பூட்டிக் கிடந்தது. ஏன் என்று எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை. படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவருடைய முகவரியும் என்னிடம் கிடையாது. எழுதியது கணினியில் பத்திரமாக இருந்தது, படித்தவர்கள்தான் போய்விட்டார்கள். பிளாக்கரில் எழுதிய நண்பர்களுக்கு வேறு விதமாக வந்தது. 'மின்னஞ்சலில் பெற' என்ற பெட்டியை ஓட்டிக்கொண்டிருந்த ஃபீட்பர்னரில், அந்தச் சேவையை கூகுள் 2021 ஜூலையில் நிறுத்தியது. ட்விட்டர் வாங்கிய ரெவ்யூ என்ற மின்னஞ்சல் மடல் சேவை 2023 ஜனவரியில் மூடப்பட்டது. அதே வகையில் எளிமைக்குப் பேர்போன டைனிலெட்டரும் 2024 பிப்ரவரி 29-ஆம் தேதியோடு முடிந்தது. ஆனால் இந்த மூன்றிலும், மூடுவதற்கு முன்னால் முகவரிப் பட்டியலை இறக்கி வைத்துக்கொண்டவர்கள் அடுத்த வாரமே வேறு இடத்தில் இருந்து எழுத முடிந்தது. ஒரு சேவையை நான் எடை போடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்: பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்ப விடுவார்களா?

சப்ஸ்டாக் விடுகிறது. அமைப்புகளுக்குள் போய் ஏற்றுமதியை அழுத்தினால் வாசகர் முகவரிகளும் எழுதிய கட்டுரைகளும் கோப்பாக வந்துவிடும். எக்செல்லில் திறக்கலாம். மாதம் பிறந்ததும் இறக்கி, பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துவிடுகிறேன். வேறு எந்த வசதியும் இல்லாமல் இது மட்டும் இருந்தாலே பாதி மதிப்பெண் போடுவேன்.

2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம். இலவசமாக அனுப்புகிற வரை நம்மிடம் ஒரு பைசா வாங்குவதில்லை, வாசகர் எத்தனை பேர் சேர்ந்தாலும் சரி. மெயில்சிம்ப் போன்ற பழைய சேவைகளில் இலவசத் திட்டம் சில நூறு முகவரியோடு நின்றுவிடும். பட்டன்டவுன் என்று ஒன்று இருக்கிறது, ரொம்பவும் சுத்தமான சேவை. அதிலும் முதல் 100 பேர் வரைதான் இலவசம். கடை, வியாபாரம் நடத்துகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் பெரிதில்லை. நடுகல் எழுதுகிறவனுக்குப் பெரிது.

சரி, முகவரி எங்கிருந்து வரும்? நம் ஊரில் பெரிய சிக்கலே இங்கேதான். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறவர் கிட்டத்தட்ட எல்லோரிடமும் ஜிமெயில் இருக்கும், ஆனால் பலருக்கு அது இருப்பதே தெரியாது. காவேரிப்பட்டணத்தில் ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்க ஈமெயில் ஐடி சொல்லுங்க" என்று கேட்டேன். "போன் வாங்கினப்ப கடைக்காரப் பையன் போட்டுக் குடுத்தான்பா, என்னான்னு அவனுக்குத்தான் தெரியும்" என்றார். அவரைப் போன்றவர்களுக்கு வாட்ஸ்அப்தான் சரி, நானும் அதில்தான் அனுப்புகிறேன். மெயில் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் வேறு ஆட்கள். ஓசூர் தொழிற்சாலைகளிலும் பெங்களூர் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகள், ஆசிரியர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். இவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கிடைப்பது ஆடிப்பெருக்குக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான். அப்போது வேடியப்பன் கோயில் பக்கத்தில் நின்று கல்லைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, கியூஆர் கோடு அச்சடித்த அட்டையைக் காட்டுவேன். சப்ஸ்டாக்கின் சேரும் பக்கத்தில் மெயில் முகவரியைத் தட்டினால் போதும், பெரிய படிவம் எதுவும் கிடையாது. கூட்டத்துக்கு நடுவில் நின்று போனில் செய்கிறவருக்கு இந்தச் சுருக்கம் பெரிய உதவி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பில் இருந்து முகவரிகளை மொத்தமாக ஏற்றுகிற வசதியும் சப்ஸ்டாக்கில் உண்டு. பழைய மாணவர் சங்கப் பட்டியல், கல்யாணப் பத்திரிகைக்குச் சேர்த்த பட்டியல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிவிடாதீர்கள். கேட்காதவருக்குப் போகிற கடிதத்தை அவர் ஸ்பாம் என்று அழுத்துவார். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் விதியையே இறுக்கியிருக்கிறது. ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, ஒரே அழுத்தத்தில் விலகிக்கொள்ள வழி இருக்க வேண்டும். தொழில்நுட்ப ஏற்பாட்டையெல்லாம் நமக்காக சப்ஸ்டாக் பார்த்துக்கொள்கிறது. அனுமதி கேட்பது மட்டும் நம் பொறுப்பு.

அடுத்தது, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அவ்வளவாக உறைக்காத விஷயம். ஒரு மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு, முழுவதையும் பார்க்க ஒரு இணைப்பை மட்டும் கீழே வைக்கும். தமிழ் இந்த எல்லையைச் சீக்கிரமே தொட்டுவிடும். 'நடுகல்' கண்ணுக்கு நாலு எழுத்து. கணினிக்கு உகரக் குறியும் புள்ளியும் தனித்தனி, ஆக ஆறு. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 18. நாலு ஆங்கில எழுத்து என்றால் 4 பைட்டோடு முடிந்தது. ஆயிரத்து ஐந்நூறு சொல் கட்டுரையில் வெறும் எழுத்தே 40 கேபியைத் தாண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு படத்துக்கும் அடிக்குறிப்புக்கும் பின்னால் நிரல் வரிகள் வேறு. நடுகல் கட்டுரையில் படம் இல்லாமல் முடியாது. கல் முழுவதும் ஒன்று, வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டிய வரிகள் கிட்டத்தில் ஒன்று, கோயில் இருக்கும் இடம் ஒன்று. சப்ஸ்டாக்கின் எழுதும் பெட்டி நீளம் எல்லையை நெருங்கும்போதே எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கைக்காகவே அதற்கு நன்றி சொல்வேன். இப்போதெல்லாம் கல்லைப் பார்த்த கதையை ஒரு கடிதமாகவும், கல்வெட்டு வாசிப்பை அடுத்த கடிதமாகவும் பிரித்து அனுப்புகிறேன். வாசிக்கிறவர்களுக்கும் இது தோதாக இருக்கிறது.

தலைப்பு வரியும் அப்படித்தான். தமிழ் எழுத்து அகலம், போன் திரையில் நாலைந்து சொல்லுக்கு மேல் தெரியாது. 'நடுகல் மடல், இதழ் 7' என்று போட்டால் ஒன்றும் சொன்னதாகாது. 'மாடு மீட்கப் போனவன் பெயர்' என்று போட்டால் திறந்து பார்க்கிறார்கள். அதற்காகத் திறந்தவர் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு வசதிக்குப் பிறகு, ஐபோன் மெயில் செயலியில் வாசகர் திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடலாம்.

நான் நம்புவது பதில் கடிதங்களை. சேர்ந்த உடனே தானாகப் போகிற வரவேற்புக் கடிதத்தை சப்ஸ்டாக்கில் நம் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். அதில் நான் வைத்திருப்பது ஒரே கேள்வி: "உங்கள் ஊர் எது? அங்கே வேடியப்பன் கல் இருக்கிறதா?" வாசகர் பதில் எழுதினால், ஜிமெயில் அடுத்த கடிதத்தை விளம்பரத் தட்டில் தள்ளுகிற வாய்ப்பும் குறையும். ஆனால் நான் கேட்பது பதிலுக்காகத்தான். ஓசூரில் வேலை பார்க்கிற ஊத்தங்கரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் படம் ஒன்று அனுப்பியிருந்தார். எண்ணெய் ஊற்றி ஊற்றிக் கறுத்த கல். மஞ்சள் பூச்சுக்கு நடுவே வில்லைப் பிடித்த இடது கை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேலே சுண்ணாம்பு அடைத்த எழுத்துகள். "எங்க தோட்டத்து மூலையில இருக்குதுங்க அண்ணா, பாட்டி காலத்துல இருந்து கும்பிடறோம், இது யாருங்க?" என்று கேட்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப் போனேன். அவருடைய அம்மா தண்ணீர் ஊற்றித் துடைத்துக் கொடுக்க, சாய்வெயிலில் 'கோவிசைய' என்ற தொடக்கம் வாசிக்க முடிந்தது. பல்லவர் காலக் கற்களில் அரசன் பெயருக்கு முன்னால் வருகிற சொல் அது. இப்படி ஒரு கல்லை ஆயிரம் விருப்பக்குறி எனக்குக் காட்டிக் கொடுக்காது.

இனி காசு. கட்டணச் சந்தா வைத்தால் சப்ஸ்டாக் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் வாங்கித் தருகிற ஸ்ட்ரைப்பின் கட்டணம் தனி. அந்தக் கணக்கு நியாயமானதுதான். ஆனால் ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே புதுக் கணக்கு திறக்கிறது. தருமபுரியில் உட்கார்ந்து தனியாளாக எழுதுகிறவருக்கு அது எட்டாது. ஸ்ட்ரைப்பை விட்டால் வேறு வழி வைக்காதது சப்ஸ்டாக்கின் பெரிய குறை. வருடத்துக்கு ஒரு முறை கடிதத்தின் அடியில் யூபிஐ கியூஆர் படத்தை வைத்து, பெட்ரோல் செலவுக்கு விருப்பமுள்ளவர்கள் தரலாம் என்று எழுதுகிறேன். தருகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2022-இல் செயலி, 2023-இல் குறும்பதிவு போடுகிற நோட்ஸ் என்று சப்ஸ்டாக்கும் மெல்ல மெல்ல ஒரு சமூக வலைத்தளமாகிக்கொண்டு வருகிறது. மெயிலில் படிப்பவரைச் செயலிக்கு இழுக்கிற பொத்தான்கள் கூடிவிட்டன. என் வாசகர்களிடம் செயலி வேண்டாம், மெயிலே போதும் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். சொந்தப் பெயரில் இணைய முகவரி வைக்க ஒரே ஒரு தடவை 50 டாலர் கேட்கிறார்கள். இந்த மாம்பழ சீசன் முடிந்து ஆலையில் போனஸ் வந்ததும் அதைக் கட்டிவிடுவேன்.