வெள்ளி வேலைப்பாடு என்றார்கள், வந்தது தகரம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கம்பெனி நினைவுப் பரிசுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 2024இல் தஞ்சாவூரில் டைடல் நியோ பூங்கா திறந்ததிலிருந்து இங்கே ஐ.டி. ஆட்களின் நடமாட்டம் கூடியிருக்கிறது. இனி இந்த மாதிரி ஆர்டர்களும் கூடும்.

எங்களுடையது சிறிய மென்பொருள் நிறுவனம். நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பங்குச் சந்தையில் இருக்கும் ஒரு சென்னை நிறுவனம் எங்களை வாங்குவதாகப் பேசி முடிவானது. இப்படி ஒரு வியாபாரம் முடிந்தால், இரண்டு கம்பெனிகளின் பெயர், சின்னம், தேதி எல்லாம் பொறித்து, அதற்காக உழைத்தவர்களுக்கு ஒரு நினைவுப் பொருள் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் அக்ரிலிக் கட்டிதான் கொடுப்பார்கள். எங்கள் எம்.டி. திருவையாற்றுக்காரர். "நம்ம ஊர்ப் பொருளா இருக்கட்டும்மா, தஞ்சாவூர்த் தட்டே கொடுத்துடுவோம்" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அசல் தஞ்சாவூர்த் தட்டு லேசான வேலை இல்லை. அடியில் பித்தளைத் தட்டு. வெள்ளித் தகட்டை அச்சில் வைத்துத் தட்டி உருவத்தை எழுப்பி, பின்பக்கக் குழியில் அரக்கு நிரப்பி, அதைத் தட்டின் மேல் பதிப்பார்கள். சுற்றிலும் செம்பு, வெள்ளி வேலைப்பாடு வரும். இரண்டாம் சரபோஜி காலத்தில் தொடங்கிய கலை என்று சொல்வார்கள். 2007இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நாங்கள் போன கடைக்காரர் ஒரு மாதிரித் தட்டை எடுத்துக் காட்டினார். அருமையான வேலை. "எல்லாம் அசல் வெள்ளித் தகடு மேடம், நம்ம ஆசாரி கையால செய்யறது" என்றவர், அதையே வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். விலையும் அசல் தட்டுக்கான விலைதான். முழுப் பணமும் முன்னாலேயே கட்டச் சொன்னார், கட்டினோம்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெட்டிகள் வந்தன. எடுத்தவுடனேயே கனம் இல்லை என்று தெரிந்தது. நடுவில் இருந்த சின்னத்தின் ஓரம் நகம் பட்டதும் தூக்கிக்கொண்டது. அரக்கு எதுவும் இல்லை, உள்ளே வெறும் பசை. மிஷினில் அழுத்திய வெள்ளி நிறத் தகடு அது. ஒரு பையன் காந்தத்தைக் கொண்டுவந்து தட்டின் அடியில் வைத்தான், சட்டென்று ஒட்டிக்கொண்டது. பித்தளையில் காந்தம் ஒட்டாது, செம்பிலும் வெள்ளியிலும் ஒட்டாது. இரும்புத் தகட்டுக்கு மஞ்சள் முலாம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் வந்த பில்லைப் பார்த்தால் "மெமென்டோ" என்று ஒரே ஒரு வார்த்தை. வெள்ளி என்ற பேச்சே அதில் இல்லை.

தட்டு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம், கடையில் காட்டிய மாதிரித் தட்டு, எங்களுக்கு வந்த தட்டு இரண்டின் படங்களையும் காட்டினேன். கடையில் காட்டிய மாதிரித் தட்டு அவர் செய்ததுதானாம். எப்போதோ ஒன்று வாங்கிக்கொண்டு போனவர்கள், அதற்கப்புறம் ஒரு ஆர்டர்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் வேலையைக் காட்டித்தான் இந்தத் தகரத்தை விற்கிறார்கள். எங்கள் பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

தட்டு வருவதற்கு முன்னாலேயே இன்னொரு அநியாயமும் நடந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை எந்தப் பெயரும் வெளியே போகக்கூடாது என்று கடைக்காரரிடம் எழுதி வாங்கியிருந்தோம். அப்படியும் இரண்டு கம்பெனிகளின் சின்னமும் தெரிகிற மாதிரி தட்டைப் படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி இன்னொன்றை வாங்கும் சேதி முன்கூட்டியே கசிவது சின்ன விஷயம் இல்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை (வெளியே வராத சேதியை வைத்துப் பங்கு வாங்கி விற்பதைத் தடுக்கும்) விதிமுறைகளின்படி, அது பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய வெளியிடப்படாத தகவல். சென்னையிலிருந்து வக்கீல்கள் எங்களைக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். இவரோ, "என்னம்மா, உங்களுக்கும் சேர்த்துத்தானே விளம்பரம்?" என்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பேர் பொறிச்ச பொருளைத் திருப்பி எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறோம். ஆனால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம், வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோராகக் கணக்கில் எடுப்பதில்லை. கம்பெனி பெயரில் வாங்கியதால் அங்கே இழுபறி ஆகலாம் என்கிறார் எங்கள் வக்கீல். அதனால் நோட்டீஸும் தனியாக அனுப்பியாயிற்று.

நீங்கள் ஆர்டர் கொடுப்பதாக இருந்தால், முடிந்தவரை தட்டு செய்கிறவரிடமே நேராகப் போங்கள். கடை வழியாகத்தான் என்றால், அடித்தட்டு எந்த உலோகம், வெள்ளி எத்தனை கிராம், என்ன தரம் என்பதெல்லாம் பில்லிலேயே வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். முதலில் ஒரே ஒரு தட்டைச் செய்யச் சொல்லி, கையில் வாங்கிப் பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். பெயர் பொறிக்கும் வேலையை மட்டும் ஒப்பந்தச் சேதி வெளியான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். விழாவுக்குப் பிறகு தட்டு கைக்கு வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் ஆட்களுக்கான தட்டுகளை இப்போது அந்தப் பெரியவர்தான் செய்துகொண்டிருக்கிறார்.