ஷ்மிட் ஹேமர், N டைப்: வளவு வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வளவு வீட்டை, அதாவது நடுவில் முற்றம் வைத்த வீட்டை, ஹோட்டலாக மாற்றுகிறவர்கள் எஞ்சினியரிடம் முதலில் கேட்பது, "ஹேமர் அடிச்சுப் பாத்தாச்சா?" என்றுதான். கான்கிரீட்டின்மேல் அடித்து, துள்ளும் அளவை வைத்து உறுதியைக் கணிக்கும் கைக்கருவிதான் இந்த ஷ்மிட் ஹேமர். ஆனால் அந்த வீட்டில் ஹேமர் அடிக்கத் தக்க இடமே குறைவு. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் செங்கல், சுண்ணாம்புக் காரை, பர்மா தேக்கு. மேலே மெட்ராஸ் ஒட்டு, அதாவது மரச்சட்டத்தின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். கான்கிரீட் என்று இருப்பது பெரும்பாலும் பிற்பாடு சேர்ந்தவை: சன்ஷேடு, லிண்டல், மாடிக் கழிப்பறைத் தளம், தண்ணீர் டேங்க் தாங்கும் பீம். இந்தக் கருவிக்கு அவற்றோடுதான் வேலை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சின்மேல் ஒரு அடி வைத்தால் அளவும் கிடைக்காது, பள்ளம் விழுந்ததுதான் மிச்சம். அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவரும் கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும்.

கருவியாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறக்குறைய ஒரு கிலோ எடை, பேட்டரி கிடையாது, சாரத்தில் ஏறி ஒற்றைக் கையால் அடிக்கலாம். உள்ளே உள்ள ஸ்பிரிங் 2.207 நியூட்டன் மீட்டர் ஆற்றலோடு எடைக்கட்டியை முட்ட வைக்கிறது. அது எவ்வளவு தூரம் துள்ளித் திரும்புகிறதோ அதுதான் ஸ்கேலில் தெரியும் எண். ஆக, அளப்பது மேற்பரப்பின் கடினம். உறுதியை அளப்பதில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து எண்ணை நேரே உறுதியாக மாற்றி, "எம் 20 (கான்கிரீட்டின் உறுதித் தரம்) இருக்கு" என்று ரிப்போர்ட் எழுதும் பழக்கத்தில்தான் தப்பு தொடங்குகிறது. பழைய இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13311 பாகம் 2 (1992), ஹேமரை வைத்துச் சொல்லும் உறுதி 25 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கலாம் என்றே சொன்னது. இப்போது அதன் இடத்தில் ஐ.எஸ். 516 பாகம் 5, பிரிவு 4 (2020) இருக்கிறது. இன்னும் 13311 எண்ணைப் போட்டு வரும் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால், எழுதியவர் தரநிலையைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்கலாம்.

வளவு வீட்டு கான்கிரீட்டில் பெரிய வில்லங்கம் கார்பனேஷன், அதாவது காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டில் ஊறி வினைபுரிவது. நாற்பது ஐம்பது வருஷம் காற்றுப்பட்ட கான்கிரீட்டின் மேல்தோல் இறுகிவிடும், எண்ணும் ஏறிவிடும். மோசமான இடத்தில் உண்மை உறுதியைவிட 50 விழுக்காடு வரை அதிகமாகக் காட்டக்கூடும். அதே கார்பனேஷன்தான் கம்பியைக் காக்கும் காரத்தன்மையை அழிப்பதும். அதாவது, துரு பிடிக்கப் போகிற பீமில்தான் ஹேமர் எண் நன்றாக வரும்! ஆகவே ஹேமரோடு ஒரு சின்னப் பாட்டிலில் 1 விழுக்காடு பினால்ப்தலின் கரைசல் இல்லாமல் போகக் கூடாது. புதிதாக உடைத்த முகத்தில், தூசியை ஊதிவிட்டுத் தெளிக்க வேண்டும். இளஞ்சிவப்பு வராத ஆழத்தை அளந்து கவரோடு (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம்) ஒப்பிட்டால் பாதி கதை தெரிந்துவிடும்.

சன்ஷேடில் கதை தலைகீழ். நுனியில் மூன்று அங்குலம்தான் கனம். அடித்தால் தகடு மாதிரி அதிரும், எண் விழும். 100 மில்லிமீட்டருக்குக் குறைவான உறுப்புகளுக்கு 0.735 நியூட்டன் மீட்டர் ஆற்றலுள்ள எல் டைப் இருக்கிறது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் N டைப்பே வாங்குங்கள், சன்ஷேடை விட்டுவிடுங்கள்.

அடிக்கும் முறை எளிது, ஆனால் அவசரம் கூடாது. பூச்சை முழுவதும் எடுத்து, கூடவே வரும் சாணைக்கல்லால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். இடத்துக்கு ஒன்பது பத்து அடி, அடிக்கு அடி 25 மில்லிமீட்டராவது இடைவெளி, ஓரத்திலிருந்தும் அதே அளவு தள்ளி. அடித்த புள்ளியிலேயே மறுபடி அடிக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பீம் 20 விழுக்காடு வரை குறைத்துக் காட்டும், காயவிட்டு வாருங்கள். சீலிங்கில் மேல்நோக்கி அடித்தால் எடைக்கட்டி திரும்பும்போது புவியீர்ப்பும் சேர்ந்து இழுக்கும், எண் கூடும். திசைத் திருத்தம் அவசியம். சில்வர் ஷ்மிட் வகையில் வேகத்தை அளப்பதால் இந்தத் தொல்லை இல்லை, விலைதான் பல மடங்கு.

ஹேமர் உருப்படியாக உதவுவது ஒப்பிடத்தான். எட்டு பீமில் ஆறு ஒரே மாதிரியும் இரண்டு மட்டும் கீழேயும் வந்தால், கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எங்கே எடுப்பது என்று தெரிந்துவிடும். மூன்று கோராவது எடுத்து அழுத்திப் பார்த்த பிறகு, ஹேமர் எண்களை அதோடு பொருத்தி மற்ற இடங்களுக்கு நீட்டலாம். கம்பியின் துருவுக்கு, அதன் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனை தனி. காப்பர் சல்பேட் மின்முனையில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அரிமானம் நடக்க 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு. இந்தத் துறையில் ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) காரைக்குடியிலேயே இருக்கும்போது, இங்கே துருவை ஹேமரால் ஊகிப்பதற்குச் சாக்கு கிடையாது.

வாங்குகிறவர்களுக்கு: உள்ளூர்த் தயாரிப்பும் வேலைக்கு ஆகும், ஆன்வில் இருந்தால். ஏறக்குறைய 16 கிலோ எஃகுக் கட்டி. அதன்மேல் அடித்தால் N டைப்புக்கு 80, இரண்டு கூடலாம் குறையலாம். 76 காட்டினால் எல்லா எண்ணிலும் நாலைக் கூட்டிக்கொள்வது சரியல்ல, சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். பலரும் பணத்தையும் சுமையையும் பார்த்து ஆன்வில் வாங்குவதில்லை. அந்த ஹேமர் சொல்வது சரியா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கழற்றித் துடைக்கும்போது உள்ளே உள்ள வழிகாட்டித் தண்டுக்கு மட்டும் எண்ணெய் போடாதீர்கள். தூசி ஒட்டி, எடைக்கட்டி இழுபட்டு, எண் இறங்கிவிடும்.