மயில் கழுத்து நீலம்: கோவை ஆய்வகம் ஒன்றில் சுதைத் துணுக்கைக் கொடுத்துப் பார்த்த அனுபவம்

காங்கயம் பக்கம் எங்கள் தொட்டிகட்டு வீட்டின் முகப்பில் கொஞ்சம் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவங்கள், உண்டு. நடுவில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் மயில், கீழே 1931 என்று புடைப்பாக எழுதியிருக்கும். மூன்று வருடம் முன்பு ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துப் புதுப்பித்தோம். "சுரண்டிப் பாத்துட்டேனுங்க, பழைய நிறத்தையேதான் அடிச்சிருக்கேன்" என்றார். அடித்தது பளீரென்ற பிளாஸ்டிக் பெயின்ட். அடுத்த ஐப்பசி மழைக்கே மயில் கழுத்து தோல்தோலாக உரிந்தது. சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் மூடினால் அப்படித்தான் ஆகும்.

மயிலுக்குக் கழுத்து நீலம் என்பது எல்லாருக்கும் தெரியும். எந்த நீலம் என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. சித்தப்பா ஒன்று சொல்வார், அப்பத்தா ஒன்று சொல்லும். சரி, விஞ்ஞானத்திடமே கேட்டுவிடலாம் என்று கோவையில் ஒரு தனியார் ஆய்வகத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நல்லது. மாதிரி எடுக்க வந்த பெண் ஏணியில் ஏறி, நாம் பார்க்கிற இடத்தை விட்டுவிட்டு, கொண்டைக்குப் பின்னால் ஒப்பந்தக்காரரின் பெயின்ட் படாத மடிப்பைத் தேடினார். கத்தி நுனியால் கடுகளவுதான் எடுத்தார். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "முன்னாடி எத்தனை பேர் சுரண்டினாங்களோ, அங்கே அடி அடுக்கு மிச்சம் இருக்காதுங்க சார்" என்றார். அந்தத் துணுக்கைப் பிசினில் பதித்து, குறுக்கே தேய்த்து, நுண்ணோக்கியில் எடுத்த படம் ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

அடியில் மணல் கலந்த சாந்து. அதன்மேல் நீலம், ஆனால் இரண்டுக்கும் நடுவே கோடே இல்லை. சுதை ஈரமாக இருக்கும்போதே நிறம் ஏற்றினால்தான் அப்படி உள்ளே ஊறி நிற்குமாம். அதற்குமேல் மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு: புகையும் தூசும். அந்த நீலம் வெயிலும் காற்றும் பட்டுப் பல வருடம் வெளியே இருந்ததற்கு அதுதான் சாட்சி. பிறகு இரண்டு தடவை வெள்ளையடிப்பு, அவற்றுக்கு இடையே அழுக்கே இல்லை, அடுத்தடுத்து அடித்திருக்கிறார்கள். கல்யாணம் ஏதாவது இருந்திருக்கும். அதற்கும் மேலேதான் ஒப்பந்தக்காரர் 'பழைய நிறம்' என்று நம்பிய நீலம்.

அதில் செம்பும் டைட்டானியமும் இருப்பதாக எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி (என்னென்ன தனிமம் இருக்கிறது என்று எக்ஸ்ரே பாய்ச்சிப் பார்ப்பது) காட்டியது. செம்பு சேர்ந்த தாலோசயனின் என்ற செயற்கை நீலம், கூடவே டைட்டானியம் வெள்ளை. அந்த நீலம் 1935 வாக்கில்தான் கடைக்கே வந்தது. வீட்டு முகப்பிலோ 1931. ஆக, அவர் பார்த்துப் பார்த்து நகலெடுத்தது நடுவில் யாரோ அடித்த பெயின்ட்டை.

இனி குறை. அடி நீலத்துக்கு அறிக்கையில் இருந்தது 'கண்டறிய இயலவில்லை' என்ற ஒரே வரி. சோடியம், அலுமினியம் மாதிரி லேசான தனிமங்களை அந்தக் கருவி சரியாகப் பிடிக்காது. இது அவர்களுக்கு முன்னமே தெரிந்த விஷயம்தானே? லேசர் ஒளி சிதறுவதை வைத்துப் பொருளைக் கண்டுபிடிக்கும் ராமன் சோதனையையும் சேர்த்தே செய்திருக்கலாம். அதற்குத் தனியாக 6,000 ரூபாய், இன்னும் ஐந்து வாரம். மாதிரி கொடுப்பதானால் முதலிலேயே இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

வந்த விடை அல்ட்ராமரின் என்ற நீலம் (அந்த லேசான தனிமங்களால் ஆனதுதான்), செயற்கை வகை. 1828-லேயே பிரான்சில் செய்முறை கண்டுபிடித்துவிட்டார்கள். துகள்கள் உருண்டையாக ஒரே அளவில் இருப்பதால் லாபிஸ் என்ற நீல மலைக்கல்லை அரைத்தது இல்லையாம். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், வேட்டிக்குப் போடும் பொடி நீலம். (சொட்டு நீலம் அல்ல, அது சாயம்.) அப்பத்தா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, யார் கேட்டோம்!

அப்புறம் ஒரு வெசனமும் தீர்ந்தது. நெஞ்சுப் பக்கம் அடி நீலம் சுத்தமாக இல்லை, பக்கத்தில் இருந்த காவி மட்டும் இருந்தது. ஒப்பந்தக்காரர் பாசி போக ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தார். அல்ட்ராமரின் சுண்ணாம்பைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. வாசலில் வைத்து ஒரு சிட்டிகைப் பொடி நீலத்தில் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இரண்டு சொட்டு விட்டேன். நீலம் வெளுத்து, அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடித்தது. வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்தது, மிச்சத் துணுக்கைத் திருப்பி அனுப்பிய டப்பா. மேலே 'அய்யனார் கோயில் குதிரை, இடது கால்' என்று எழுதியிருந்தது. இரண்டு முறை போன் செய்துவிட்டேன். என் மயில் இப்போது எந்த ஊர் கோயில் தர்மகர்த்தா வீட்டு அலமாரியில் உட்கார்ந்திருக்கிறதோ.