போலோவில் முதலில் காயிலோவர், அப்புறம் ஏர்: இரண்டையும் ஓட்டிய அனுபவம்

காரைக் கீழே இறக்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: ஏர் சஸ்பென்ஷன் போடலாமா, காயிலோவர் போடலாமா? காயிலோவர் என்பது உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் ஜோடி. ஏர் என்றால் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர் பை. நான் திருப்பி ஒன்று கேட்பேன். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் இருப்பதிலேயே மோசமான ஸ்பீட் பிரேக்கர் எது? பதில் சட்டென்று வரவில்லை என்றால், இரண்டில் எதற்கும் இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

என்னுடையது கோவையில் ஓடும் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. நம் ஊர் ரோட்டுக்காக உயர்த்தி விற்ற கார் அது. தரையிலிருந்து அடிவயிறு வரை ஏறத்தாழ 165 மி.மீ. இருக்கும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கையை விட்டு எடுக்கலாம். அந்த இடைவெளியைப் பார்த்து எரிச்சல் படாத போலோக்காரர் குறைவு. முதலில் காயிலோவர் போட்டுச் சில வருடங்கள் ஓட்டினேன். பிறகு அதைக் கழற்றிவிட்டு அதே காரில் ஏர் போட்டேன். ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே ரோடு என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம். ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. காயிலோவர் என்றால் தப்பிக்கலாம், ஏர் என்றால் மாட்டுவோம் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் கேள்வியும் இரண்டுக்கும் ஒன்றுதான். இது தெரிந்துதான் இறங்க வேண்டும்.

இப்போது ஸ்பீட் பிரேக்கருக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 99 பரிந்துரைக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வில். போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு சக்கரமும் அந்த வில்லின் மேல் நிற்கும்போது நடு வயிற்றுக்குக் கீழே மேடு எழும்புவது 45 மி.மீ. கூட வராது, பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். அதாவது, விதிப்படி கட்டிய வேகத்தடை 110 மி.மீ.க்கு இறக்கிய காரைக்கூட உரசாது. தொந்தரவு கொடுப்பது ராத்திரியோடு ராத்திரியாக ஊர்க்காரர்கள் தார் கொட்டிப் போடும் குட்டிச் சுவர்தான். அரை மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். முன் சக்கரம் தாண்டி இறங்கியதும் அந்த 15 செ.மீ. முழுசாகக் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். காயிலோவர் காரின் உயரத்தை முடிவு செய்வது உங்கள் ரசனை அல்ல, அந்தக் குட்டிச் சுவர்.

காயிலோவரில் நான் 40 மி.மீ. இறக்கியிருந்தேன். போலோவில் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தண்டு. பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. அதனால் பெட்டியின் மேல் காயிலோவர் என்று போட்டிருந்தாலும் பின்பக்கத்துக்கு வருவது உயரம் மாற்றும் திருகு வைத்த ஸ்பிரிங் சீட்டும் ஒரு குட்டை ஷாக்கும்தான். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, கார் அப்படி.

ஓட்டுவதற்கு, உண்மையைச் சொன்னால், அருமை. ஸ்டியரிங்கைத் திருப்பிய அந்த நொடியே மூக்கு திரும்பும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்தக் கார் போன விதத்தை ஏர் வந்த பிறகு நான் திரும்பப் பார்க்கவில்லை. கார் அடுத்து என்ன செய்யும் என்பது இடுப்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரைடு கல் மாதிரி இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்பிரிங் கடினமாக இருப்பது அதில் பாதிதான். மீதிப் பாதி, சக்கரம் எழும்ப இடம் இல்லாதது. ஸ்பிரிங் சீட்டைத் திருகிக் கீழே இறக்கும் வகை என்றால், இறக்கிய அளவுக்கு ஷாக் அமுங்குவதற்கான ஓட்டம் குறையும். பள்ளத்தில் விழுந்தவுடன் பம்ப் ஸ்டாப் என்கிற கடைசித் தடுப்பு ரப்பரில் போய் முட்டும். முதுகில் விழும் அடி அதுதான். அடி பிராக்கெட்டைத் திருகி இறக்கும் வகையில் ஓட்டம் அப்படியே இருக்கும், விலை கூடுதல். வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் விஷயம் இது. டேம்பிங், அதாவது ஷாக்கின் இறுக்கத்தை மாற்றுவது, எத்தனை கிளிக் என்பதெல்லாம் அப்புறம்.

அடுத்தது முன்பக்கக் கீழ் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் காரின் அடியோடு இணைக்கும் கை. காரை இறக்க இறக்க அது படுத்துக்கொண்டே வரும். ஒரு கட்டத்துக்கு மேல் சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். அங்கே போய்விட்டால் காரின் எடை மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வேகமாக இறங்கிவிடும். வளைவில் காரைச் சாய்க்கும் விசை கூடும், அதைச் சமாளிக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் தேவைப்படும். ரொம்ப இறக்கிய கார் அழகாக நிற்கும், அசிங்கமாகத் திரும்பும். என் போலோவுக்கு 40 மி.மீ. போதும் என்று நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

உயரத்தை மாற்றலாம் என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றலாம். ஜாக்கி போட்டு, நாலு சக்கரத்தைக் கழற்றி, கொக்கி ஸ்பேனரால் ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரைத் தளர்த்தி, நாலு பக்கமும் அளந்து வைத்து, அப்புறம் வீல் அலைன்மென்ட்டுக்குப் போக வேண்டும். அரை நாள் போய்விடும். இரண்டு மழைக்காலம் போனால் சேறும் மண்ணும் திருகுக்குள் புகுந்து, இரும்பு உடம்பும் அலுமினியக் காலரும் வெள்ளைப் பூத்து ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சர்வீசிலும் பிரஷ் போட்டுக் கழுவி ஆன்டி சீஸ் (திருகு பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தடவியவர்களுக்கு மட்டும்தான் அந்தக் காலர் திரும்பும். ஒரு தடவை வைத்ததுதான் உயரம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அந்த நிரந்தர உயரம்தான் வீட்டில் பிரச்சினை ஆனது. எங்கள் கேட்டுச் சாய்வில் கோணலாக ஏறினால் தப்பிக்கலாம். டிக்கி நிறையச் சாமானும் நாலு பேரும் இருந்தால் தப்பாது. அப்பாவுக்கு மூட்டு வலி. தாழ்ந்த சீட்டில் உட்கார்வது சுலபம், எழுந்து வருவது கஷ்டம். அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, கல்யாணம் காட்சிக்கு ஆட்டோவில் போக ஆரம்பித்தார். ஏருக்கு மாறிய காரணம் அவ்வளவுதான்.

ஏர் என்றால் எல்லோருக்கும் தரையோடு படுத்துக் கிடக்கும் காரின் படம்தான் ஞாபகம் வரும். எனக்கு அதில் பயன்படுவது அது மேலே எழும்புவது. ஓடும் உயரம் காயிலோவரில் இருந்ததைவிட ஒரு விரல் குறைவாகவே வைத்திருக்கிறேன். குட்டிச் சுவர் வந்தால் பட்டன், சில நொடியில் கம்பெனி உயரத்துக்கு மேலே. அப்பா ஏறும்போதும் அதே பட்டன். ஆனால் அந்த முழு உயரத்தில் வேகமாக ஓட்டக் கூடாது. ஷாக் நீண்ட நிலையிலேயே நிற்பதால் கார் துள்ளும். ஊர்ந்து போக மட்டும்தான் அந்த உயரம்.

கிட் என்பது நாலு பெல்லோஸ் (காற்று அடைக்கும் ரப்பர் பை), அதற்கேற்ற ஷாக், டிக்கியில் கம்ப்ரசர், காற்று டேங்க், காற்றைத் திறந்து மூடும் வால்வ் பிளாக், கன்ட்ரோலர். என் காரில் ஸ்டெப்னி இருந்த பள்ளத்தை இதெல்லாம் எடுத்துக்கொண்டது. பஞ்சர் கிட்டை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. இருபது முப்பது கிலோ கூடுகிறது. கம்ப்ரசர் ஓடத் தொடங்கினால் பின் சீட்டில் இருப்பவர் பேச்சை நிறுத்திவிட்டு என்ன சத்தம் என்பார். அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், பக்கத்திலேயே ஃபியூஸ், ரிலே எல்லாம் வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கிற கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள்.

கன்ட்ரோலரில் இரண்டு வகை. ஒன்று அழுத்தத்தை மட்டும் பார்க்கும், மற்றது சக்கரத்துக்கு ஒரு சென்சார் வைத்து உயரத்தையும் பார்க்கும். முதல் வகை மலிவு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பின்னால் மூன்று பேர் ஏறினால் பெல்லோஸ் அமுங்கும், உள்ளே பி.எஸ்.ஐ., அதாவது காற்றழுத்தம், கூடும். அழுத்தத்தை மட்டும் பார்க்கும் கன்ட்ரோலருக்கு அது காற்று அதிகமாக இருப்பதாகத் தெரியும். பழைய எண்ணுக்குக் கொண்டுவரக் காற்றைத் திறந்துவிட்டால் கார் இன்னும் இறங்கும். உயரம் பார்க்கும் வகை நேர்மாறாகக் காற்றை ஏற்றும். தனியாக ஓட்டுகிறவருக்கு முதல் வகையே போதும். குடும்பத்தோடு போகிறவர் சென்சாருக்கான காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

அப்புறம் லீக். ஏர் சஸ்பென்ஷனுக்கு இது பிறவி நோய். 1957-ல் காடிலாக் எல்டொராடோ பிரூம் கம்பெனியிலிருந்தே ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. காற்று நிற்காமல் வெறுத்துப்போய்ச் சாதா ஸ்பிரிங்குக்கு மாறிய உரிமையாளர்கள் பலர். ரப்பரும் வால்வும் அதற்குப்பின் எவ்வளவோ முன்னேறிவிட்டன, ஆனாலும் காலையில் எழுந்து பார்த்தால் ஒரு மூலை படுத்திருக்கும் அனுபவம் எல்லோருக்கும் வரும்.

எனக்கு இடது பின் மூலை. மாட்டிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்பில் பெல்லோஸே போச்சு, புதுசு போடணும் என்றார்கள். சோப்புத் தண்ணியைக் கரைத்து வீட்டிலேயே பிரஷால் தடவிப் பார்த்தேன். பெல்லோஸில் ஒன்றும் இல்லை. டியூப் போய்ச் சேரும் புஷ் ஃபிட்டிங்கின் (டியூபை அழுத்திச் செருகும் இணைப்பு) வாயில், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே பக்கமாக வந்துகொண்டிருந்தன. ஃபிட்டிங்கைக் கழற்றி, டியூப் துண்டோடு நியூமேட்டிக் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். பெரியவர் டியூபின் நுனியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, இது கட்டிங் பிளேயர்ல வெட்டுனதுங்களா?" சாய்வாக நசுங்கி வெட்டுப்பட்டிருந்தது. உள்ளே இருக்கும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் மட்டும்தான் டியூபைப் பிடித்திருக்கிறது. டியூப் கட்டரால் நேராக வெட்டி, வெளிப்புறத்தில் கீறல் இல்லாத இடம் வரை குறைத்து மாட்டியதும் சரியாகிவிட்டது. அந்தக் கட்டர் இப்போது டிக்கியிலேயே இருக்கிறது.

இந்த விஷயத்தில் கோவைக்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். எல்ஜி (ELGi) கம்ப்ரசரும் ஜனாடிக்ஸ் வால்வும் இந்த ஊர் சரக்கு. மில்லுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் ஃபிட்டிங், டியூப் விற்கும் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அமெரிக்க கிட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த கிட்டில் மரை என்.பி.டி. என்கிற அமெரிக்க அளவு; நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பி.எஸ்.பி. என்கிற பிரிட்டிஷ் அளவு. கால் இன்ச்சில் முன்னதற்கு இன்ச்சுக்கு 18 மரை, பின்னதற்கு 19. இரண்டு மூன்று சுற்று ஒழுங்காக ஏறும், பொருந்திவிட்டது என்றே தோன்றும், அப்புறம் இறுகி நிற்கும், எவ்வளவு டெஃப்லான் சுற்றினாலும் கசியும். டியூபும் அப்படித்தான். 3/8 இன்ச் என்பது 9.5 மி.மீ., அது 10 மி.மீ. ஃபிட்டிங்கில் நிற்காது. பெட்டியோடு வரும் உதிரி ஃபிட்டிங்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டேங்கில் தண்ணீர் சேரும். ஈரக் காற்றை அமுக்கினால் தண்ணீர் பிரியும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மாதம் ஒரு முறை அடியில் இருக்கும் டிரெய்னைத் திறந்துவிடுகிறேன். என்னுடையது இரும்பு டேங்க் என்பதால் துரு கலந்த தண்ணீர் சீறிக்கொண்டு வரும். விட்டுவைத்தால் அந்தத் தண்ணீர் வால்வ் பிளாக்குக்குப் போகும். வால்வ் ஒட்டிக்கொண்டால் செலவு வேறு மாதிரி ஆகும். பெல்லோஸ் தானாகக் கிழிவது அபூர்வம், எதிலாவது உரசித்தான் கிழியும். காற்றை முழுக்க இறக்கி ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர், பிரேக் ஹோஸ், பாடி எதுவும் ரப்பரைத் தொடவில்லை என்று நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள்.

வெயிலில் நின்ற கார் சாயங்காலம் சற்று உயர்ந்திருக்கும், வால்பாறைக் குளிரில் விடிந்தால் சற்று இறங்கியிருக்கும். காற்று விரிந்து சுருங்குவதுதான், லீக் இல்லை. புதிதில் இதற்காகச் சோப்புத் தண்ணியோடு காரைச் சுற்றாதவர் யாரும் கிடையாது.

மொத்தச் செலவு எனக்குக் காயிலோவரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஆனது. கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிராக் ஓட்டப் போகிறவர், வீட்டில் இன்னொரு கார் இருப்பவர், போகும் வழி நல்ல வழியாக அமைந்தவர், இவர்களெல்லாம் காயிலோவர் போட்டு நிம்மதியாக இருக்கலாம். வருடத்துக்கு இரண்டு தடவை கழுவித் தடவினால் போதும். வீட்டுக்கே ஒரு கார், அதில் பெரியவர்களும் வருவார்கள், வாரம் ஒரு முறை காரின் அடியில் குனிந்து பார்க்கவும் அலுப்பில்லை என்றால் ஏர். குனிந்து பார்க்க அலுப்பு உள்ளவருக்கு ஏர் வேண்டவே வேண்டாம்.

எது போட்டாலும் கம்பெனி ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் விற்றுவிடாமல் பரணில் போட்டு வையுங்கள். பழையபடி மாற்றாமல் நல்ல விலைக்கு விற்க முடியாது. ஏர் மாட்டும்போது ஸ்டெப்னி பள்ளத்தையோ உள் ஃபெண்டரையோ வெட்டினால் சுலபம் என்று சொல்வார்கள். வெட்ட விடாதீர்கள். போலோவில் வெட்டாமலே எல்லாம் பொருந்துகிறது, ஒரு பிராக்கெட் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.